சோதனை காணாத கார்

இலண்டனிற் படிக்கும் என் தங்கையின் மகன் பழைய கார் ஒன்றை மலிவாகப் பேசி, நூறு பவுண் முற்பணமும் கொடுத்துவிட்டான். "மாமா, எம். ஓ. டீ. சான்று ஒன்றுதான் இல்லை" என்று எழுதியிருந்தான். நேயர்களே, அந்த ஒன்றிலன்றோ எல்லாம் அடங்கியிருக்கிறது!

பிரித்தானியாவில் 1960இல் இச்சோதனை தொடங்கியபோது பத்து வயதுக் கார்களுக்கே அது விதிக்கப்பட்டது. பார்த்தவையும் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் முதலியனவே. 1967 முதல் மூன்று வயதான கார்களும் ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்லவேண்டியவையாயின. சான்றில்லாத காரை விற்கத் தடையில்லை. வீதியில் ஓட்டுவதே குற்றம். முன்பே நாள் குறித்த சோதனைக்கு ஓட்டிச் செல்லலாம். சான்றின்றி வீதி வரியும் செலுத்த இயலாது.

சோதனைக் கட்டணமோ சொற்பம். விற்பவர் அதை ஏன் செய்யவில்லை என்று கேட்குமாறும், கார் இலக்கத்தைக் கொண்டு அரசாங்க இணையத்தளத்திற் பழைய சோதனைகளைப் பார்க்குமாறும் பதில் எழுதினேன். இலவசமாகவே பார்க்கலாம், ஓடிய மைல்கள்கூட அதில் உண்டு.

பார்த்தான். சென்ற வருடமே பிரேக் குழாய் துருப்பிடித்துள்ளதென எச்சரித்திருந்தார்களாம். முற்பணம் திரும்பவில்லை. பையன் இப்போது பஸ்ஸிற் போகிறான். தங்கை நிம்மதியாக உறங்குகிறாள்.