ஹாம்லெட்டுக்கு ஒரு தரை டிக்கெட்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் என் தங்கை மகள் வீடு. 2015 செப்டம்பரில் மூன்று வாரம் அங்கே தங்கியிருந்தேன். ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்கு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நான் கிளம்புவதைப் பார்த்துவிட்டு அவள் எழுந்து வந்தாள். “பெரியம்மா, நேத்துதான் இல்லேன்னு சொல்லிட்டாங்களே. இன்னைக்கும் போய் நிக்கணுமா?” என்றாள். நிற்கத்தான் வேண்டும் என்றேன். மறுபேச்சு பேசாமல் ப்ளாஸ்க்கில் காபி ஊற்றிக் கையில் கொடுத்தாள். முதல் ரயிலைப் பிடித்தேன். ஈஸ்ட் ஹாமில் ஏறினால் மாறாமல் பார்பிகன் ஸ்டேஷனில் இறங்கலாம்.

பார்பிகன் அரங்கில் அப்போது ‘ஹாம்லெட்’ நடந்துகொண்டிருந்தது. லிண்ட்ஸி டர்னர் இயக்கம். ஹாம்லெட்டாக பெனடிக்ட் கம்பர்பாட்ச். ஷெர்லாக் ஹோம்ஸாக பிபிசி தொடரில் நடித்து உலகம் முழுக்க வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டவர். நாடகம் தொடங்க ஒரு வருடம் இருக்கும்போதே, 2014 ஆகஸ்டில், டிக்கெட் விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் டிக்கெட். சில மணி நேரத்தில் தீர்ந்துபோனது. அதன் பிறகு கைமாற்றி விற்றவர்கள் சொன்ன விலை, சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடியதல்ல.

ஆனால் அரங்கத்தார் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். எல்லாவற்றையும் முன்கூட்டி விற்றுவிடாமல், ஒவ்வொரு காட்சிக்கும் சில இருக்கைகளை 10 பவுண்டு விலையில் எடுத்துவைத்திருந்தார்கள். அன்றன்று காலையில் நேரில் வந்து நிற்பவர்களுக்கு அவை. பணம் இருப்பவரும் இல்லாதவரும் அந்த வரிசையில் ஒன்றுதான். யார் சீக்கிரம் எழுந்தாரோ அவருக்குக் கிடைக்கும். முதல் நாள் நான் ஆறரை மணிக்குப் போனேன். எனக்கு நாலு பேர் முன்னால் முடிந்துவிட்டது. இரண்டாம் நாள்தான் இந்த நாலரை மணிப் புறப்பாடு.

இருட்டு பிரியாத நேரத்தில் அங்கே ஏற்கெனவே பலர் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் இரவே வந்து, தூக்கப் பைக்குள் சுருண்டு கிடந்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவள் ஒரு கல்லூரிப் பெண். லீட்ஸிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்திருந்தாள். மடியில் ‘ஹாம்லெட்’ புத்தகம், பள்ளிப் பாடப் பதிப்பு. அட்டை பிய்ந்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாள். புரட்டிக் காட்டினாள். ஹாம்லெட்டின் காதலியாக வரும் பாத்திரத்தின் பேச்சுகளுக்கு மட்டும் பச்சைப் பென்சிலால் கோடு. பக்கம் பக்கமாகத் தள்ளினாலும் பச்சைக் கோடு எப்போதாவதுதான் வந்தது. “இவ்வளவுதான் ஒஃபீலியா பேசுறா. மத்தவங்கதான் அவளைப் பத்திப் பேசிட்டே இருக்காங்க” என்றாள். ஷெர்லாக்குக்காகத்தான் வந்தேன் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். தொடரைப் பார்த்து, அவர் ஹாம்லெட் ஆடப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அதற்காகவே முதல்முறையாக ஷேக்ஸ்பியரை உட்கார்ந்து படித்திருக்கிறாள்.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து சில நிமிட நடையில் சில்வர் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு இருந்தது. 1604 வாக்கில் ஷேக்ஸ்பியர் அங்கேதான் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருந்தார். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அந்தத் தெருவே இல்லாமல் போனது. குண்டுகள் தரைமட்டமாக்கிய அந்த வட்டாரத்தில்தான் பின்னாளில் பார்பிகன் குடியிருப்பும், 1982-ல் இந்தக் கலையரங்கமும் எழுந்தன. அவர் நடந்துபோன மண்ணில் அவருடைய நாடகத்துக்காக விடியலில் நிற்கிறோம் என்ற நினைப்பே குளிரைக் குறைத்தது.

அந்த வருடம் இந்த ரசிகர்களைப் பற்றிப் பலரும் இளக்காரமாக எழுதினார்கள், பேசினார்கள். நடிகரின் முகத்தைப் பார்க்க வந்த கூட்டம், ஷேக்ஸ்பியர் இவர்களுக்கு ஒரு சாக்கு என்றார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. முதல் சில காட்சிகளிலேயே சிலர் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். மேடையிலிருந்து பார்த்தால் இருட்டில் சின்னச் சின்ன சிவப்பு விளக்குகள் தெரியும். ஆகஸ்ட் மாதமே கம்பர்பாட்ச் அரங்கின் வாசலில் நின்று ரசிகர்களிடம் நேராகக் கேட்டுக்கொண்டார்: தயவுசெய்து படம் எடுக்காதீர்கள், போனில் அல்ல, நினைவில் எடுத்துப் போகும்படியான நாடகத்தை உங்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன் என்று. நான் போன அன்று அரங்கில் ஒரு வெளிச்சப் புள்ளிகூட என் கண்ணில் படவில்லை. பிடித்தவர் சொன்னால் கேட்பதும் ரசிகர்களின் குணம்தான்.

ஒரு முகத்துக்காக வந்தவர் என்று யாரையும் என்னால் குறைத்துப் பேச முடியாது. ஒத்தெல்லோ எனக்குக் கிடைத்தது சிவாஜி கணேசன் முகத்தில்தான். ‘ரத்தத் திலகம்’ 1963-ல் வந்த படம். எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு அது சில வருடம் கழித்து வந்து சேர்ந்தது. தரை டிக்கெட் நாலணா. முன்னால் உட்காருபவர் மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் ஏறி உட்காருவோம். படத்தில் கல்லூரி நாடகம் ஒன்று வரும். சிவாஜி ஒத்தெல்லோ, சாவித்திரி டெஸ்டிமோனா. வசனம் முழுக்க ஆங்கிலம். அந்தக் கொட்டகையில் ஆங்கிலம் தெரிந்தவர் பத்துப் பேர் இருந்திருந்தால் அதிகம். ஆனாலும் அந்தக் காட்சியில் முறுக்கு விற்கிற பையன்கூட நின்ற இடத்தில் நின்றான். சந்தேகம் ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்பது முகத்திலேயே தெரிந்தது. ‘சொர்க்கம்’ படத்தில் ஜூலியஸ் சீஸர், ‘ராஜபார்ட் ரங்கதுரை’யில் ஹாம்லெட் என்று எங்கள் தலைமுறையில் எத்தனையோ பேருக்கு ஷேக்ஸ்பியர் இப்படித்தான் வந்தார். பிறகுதான் புத்தகம், பிறகுதான் கல்லூரி. சிவாஜி எனக்குச் செய்ததைத்தான் ஷெர்லாக் அந்த லீட்ஸ் பெண்ணுக்குச் செய்திருந்தார்.

முகத்துக்காக வருகிறவர்கள் முகத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. 2008-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் ஹாம்லெட் ஸ்ட்ராட்ஃபோர்டில் தொடங்கி லண்டன் நோவெல்லோ அரங்குக்கு வந்தது. ‘டாக்டர் ஹூ’ தொடரின் டேவிட் டென்னன்ட்தான் ஹாம்லெட். அவருக்காகவே ஜனங்கள் முண்டியடித்து டிக்கெட் வாங்கியிருந்தார்கள். டிசம்பரில் லண்டன் காட்சிகள் தொடங்கிய நேரத்தில் அவருக்கு முதுகுத்தண்டில் கோளாறு, அறுவை சிகிச்சை. அவருக்குப் பதிலாக எட்வர்ட் பென்னட் என்ற இளைஞர் ஹாம்லெட்டாக ஏறினார். அதுவரை ஒஃபீலியாவின் அண்ணன் லேயர்டீஸ் வேடம் போட்டுக்கொண்டிருந்தவர். மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய டிக்கெட்டோடு வந்த ஜனங்கள், பெயர் தெரியாத அந்த நடிகருக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். நட்சத்திரத்தைத் தேடி வந்தவர்கள் நாடகத்தையும் பார்க்கத் தெரிந்தவர்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

பார்பிகனில் அன்று எனக்கு டிக்கெட் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கும். அடுத்தடுத்த இருக்கை.

திரை விலகும்போது ஹாம்லெட் தனியாக உட்கார்ந்திருக்கிறான். பழைய ரெக்கார்டு பிளேயரில் நாட் கிங் கோல் பாட்டு. செத்துப்போன அப்பாவின் நினைவோடு ஒரு பிள்ளை. முதல் சில காட்சிகளில் ‘இருப்பதா, இறப்பதா’ என்ற அந்தப் பேர்பெற்ற தனிமொழியோடுதான் நாடகம் தொடங்கியதாம். விமர்சகர்கள் முணுமுணுத்த பிறகு அதை உள்ளே தள்ளிவிட்டார்கள். பிறகு ஒரு பிரம்மாண்டமான அரண்மனைக் கூடம் திறந்தது. எஸ் டெவ்லின் அமைத்த அரங்கம். மேலே சரவிளக்கு, நீளமான விருந்து மேஜை, மாடிப்படி. முதல் பாதி முடிகிற கணத்தில் கதவுகள் பிளந்துகொண்டு கறுப்புக் குப்பை புயல் மாதிரி உள்ளே வீசியது. இடைவேளைக்குப் பிறகு அதே கூடம், ஆனால் முழங்கால் அளவு மண்ணும் இடிபாடும். கெட்டுப்போன வீடு ஒன்று கண்ணெதிரே சுடுகாடாகிவிட்டது. கம்பர்பாட்சின் வேகமும் தெளிவும் நான் எதிர்பார்த்ததற்குமேல் இருந்தது.

ஆனால் அன்று என்னை உலுக்கியது ஒஃபீலியா. சித்தம் கலங்கிய அவள் கடைசியாகப் போகிற இடம். கையில் இருந்த பெட்டியை விட்டுவிட்டு அந்த இடிபாட்டு மேட்டில் தட்டுத்தடுமாறி ஏறுகிறாள். முதுகை நமக்குக் காட்டியபடி, மேடையின் கோடியில் தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்து மெல்லப் போகிறாள். வசனம் இல்லை. ஆயிரத்துக்குமேல் ஜனம் இருந்த அந்த அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. ஹாம்லெட்டின் அம்மாவான ராணி அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். இவள் இனித் திரும்ப மாட்டாள் என்று அவளுக்குப் புரிகிறது. நமக்கும் அதே நேரத்தில் புரிகிறது. பக்கத்தில் அந்தப் பெண் ரப்பர் பேண்டு போட்ட புத்தகத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். காலையில் எனக்குக் காட்டிய பச்சைக் கோடுகள் நினைவுக்கு வந்தன. பேச்சே இல்லாத இந்த நடைக்குப் புத்தகத்தில் கோடு போட இடமில்லை.

கைதட்டல் ஓயும் முன் கம்பர்பாட்ச் கையமர்த்திப் பேசினார். சிரியா அகதிகள் கடலில் செத்துக்கொண்டிருந்த மாதம் அது. குழந்தைகளுக்காக உதவுங்கள் என்று கேட்டார். வெளியே வாளிகளோடு ஆட்கள் நின்றார்கள். இளக்காரம் செய்யப்பட்ட அதே ரசிகர் கூட்டம் நோட்டுகளைப் போட்டுக்கொண்டே போனதைப் பார்த்தேன். நடிகர் வெளியே வரும் கதவுப் பக்கம் பெரிய கூட்டம் ஓடியது. அந்தப் பெண் ஓடவில்லை. விளக்குக் கம்பத்தடியில் நின்று நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். “ஒஃபீலியாவா நடிச்சவங்க பேரைத் தேடுறேன்” என்றாள். விரலை வைத்துக் காட்டினாள். ஷான் புரூக்.

இரண்டு நாள் கழித்து தேம்ஸ் கரையில் குளோப் அரங்குக்குப் போனேன். ஷேக்ஸ்பியரின் காலத்து அரங்கைப் போலவே கட்டி 1997-ல் திறந்தது. கூரை நாணல் வேய்ந்தது, நடுவில் திறந்தவெளி முற்றம். 1599-ல் பழைய குளோப் எழுந்தபோது முற்றத்தில் நிற்க ஒரு பென்னி. நான் போனபோது 5 பவுண்டு. எழுநூறு பேர் நிற்கலாம். ‘மெஷர் ஃபார் மெஷர்’ நடந்தது. நடுவில் மழை தூறியது. குடை பிடிக்க அனுமதி இல்லை, எல்லோரும் பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார்கள். ஒருவரும் நகரவில்லை. நான் மேடை விளிம்பில் கையை ஊன்றி நின்றேன். நடிகர் குனிந்தால் மூச்சு மேலே படும். மிகக் குறைந்த விலைக்கு மிகக் கிட்டத்தில் இடம். எங்கள் கொட்டகையின் மணல் தரையும் அப்படித்தான். அங்கே விசிலும் அழுகையும் முதலில் கிளம்புவது தரை டிக்கெட்டில்தான். பின்னால் நாற்காலியில் இருப்பவருக்கு அது பிறகுதான் போய்ச்சேரும். குளோப்பிலும் சிரிப்பு முற்றத்தில் பிறந்து மாடங்களுக்கு ஏறியது.

2025-ல் நியூயார்க் பிராட்வேயில் டென்சல் வாஷிங்டன் ஒத்தெல்லோவாக நடித்தார். நல்ல இருக்கைகளின் விலை 921 டாலர் வரை போனது என்று படித்தபோது மனசு கனத்தது. அதே ஊரின் சென்ட்ரல் பார்க்கில், டெலகார்ட் அரங்கில், 1962-லிருந்து ஷேக்ஸ்பியர் நாடகம் இலவசம். காலையில் போய் வரிசையில் உட்கார்ந்தால் மதியம் டிக்கெட். வசூலில்லாமல் அரங்கம் நடக்காது என்பது எனக்கும் தெரியும். நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: நாலு வரிசையாவது எடுத்துவையுங்கள். விடியலில் எழுந்து வருகிறவர்களுக்கு, ராத்திரி பஸ்ஸில் வருகிறவர்களுக்கு, கிட்டத்தில் ஓர் இடம். பின்வரிசைத் தூண் மறைவில் அல்ல, முன்னால். நாடகத்துக்கு உயிர் கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

2017 ஜனவரியில் ஷெர்லாக் தொடரின் நான்காம் பருவம் வந்தது. அதில் ஹோம்ஸுக்கே நினைவில் இல்லாத ஒரு தங்கை இருக்கிறாள். அந்தத் தங்கையாக நடித்தவர் ஷான் புரூக். எனக்கு உடனே லீட்ஸ் பெண்ணின் ஞாபகம்தான் வந்தது. உலகமெல்லாம் யார் இந்த நடிகை என்று கேட்டிருக்கும். டிவியில் பார்த்த ஒரு முகத்துக்காக ராத்திரி பஸ் ஏறி வந்தவள் கேட்டிருக்க மாட்டாள். அந்த முகத்தை அவள் ஏற்கெனவே, 10 பவுண்டு டிக்கெட்டில், நேரில் பார்த்தவள்.