படத்தைச் சுருட்டாதே, புத்தகமாக்கு!



நம்ம பள்ளியில் நல்லா வரையறவங்க நிறைய பேர். ஆனா வரைஞ்ச சார்ட்டைச் சுருட்டிப் பரண்மேல போட்டுடறோம். கரையானுக்குப் பாதி, மழை ஒழுகலுக்கு மீதி. நாளைக்கு, 1850-இல் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரியில் சேர ஆசைப்பட்டா, கையில காட்ட என்ன இருக்கும்?

ஒரு சின்ன அச்சுப் புத்தகம் இருக்கணும் என்பதே என் கருத்து.

"ஒரிஜினல் போதாதா?" என்பீர்கள். ஒரிஜினல் ஒண்ணுதான், ஒரே இடத்துக்குத்தான் போகும். மேலும், தரையில் போட்ட கோலத்தையும் களிமண் பொம்மையையும் சுருட்டி எடுத்துட்டுப் போக முடியுமா? புத்தகத்தில் அவையும் வரும்.

"காசு ஆகுமே?" ஆகும். அதனால 40 படம் வேண்டாம். நல்லதா 14 போதும். முன் அட்டை, பின் அட்டையோடு 16 பக்கம். நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நாலின் மடங்கில் இருக்கணும்.

வெயில் படாத வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாம, நேராக நின்று போட்டோ எடுங்க. ஏ4 பக்கம் தெளிவா வர 2480 × 3508 புள்ளிகள் வேணும். ஒவ்வொரு படத்தின் கீழும் அளவை எழுதுங்க. புத்தகத்தில் சுவர் ஓவியமும் தபால் அட்டை ஓவியமும் ஒரே அளவாத்தான் தெரியும்.

ஒரு வேண்டுகோள்: கம்ப்யூட்டரில் கலரை ஏத்தாதீங்க. அது நம்ம படம் இல்லை, பொய்!

கோடை விடுமுறைக்குள் ஆளுக்கொரு புத்தகம். தயாரா?

– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு