டென்னிஸ் ஆடாமலே டென்னிஸ் எல்போ!

'குருவிகுளத்துல இருந்துக்கிட்டு நமக்கேது டென்னிஸ் எல்போ?'ங்கறீங்களா? ராக்கெட்டையே தொடாம, துணி பிழியற, ஸ்பேனர் திருகற கைகளுக்குத்தான் இது அதிகம் பாஸ்! சச்சினுக்கு 2004-ல் வந்தது. 2005 மே மாதம் லண்டனில் ஆபரேஷன். அந்த டிசம்பரிலேயே டெல்லியில் 35-வது டெஸ்ட் சதம்!

உங்களுக்குப் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். ஸ்டீராய்டு ஊசி? சில வாரம் சுகம்தான். ஆனா, ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா பிசியோதெரபி எடுத்தவங்கதான் தேவலைன்னு 2006-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு சொல்லுது.

பிசியோதெரபிஸ்ட்கிட்ட காட்டிட்டு இதைச் செய்யுங்க. முன்கை மேஜை மேல, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை தரையைப் பார்க்கணும். கையில அரை லிட்டர் தண்ணி பாட்டில். அடுத்த கையால மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, மெ...து...வா இறக்குங்க. இறக்கறதுலதான் விஷயமே இருக்கு. பலன் தெரிய வாரக்கணக்காகும். நாலாம் நாளே பேட்டைத் தூக்கிட்டு ஓடாதீங்க!