படகைத் திருப்பிப் போடுங்கள்

உங்கள் காரின் அடிவயிற்றைப் பார்த்திருக்கிறீர்களா? நான் போன மாதம்தான் பார்த்தேன். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் லிஃப்ட்டில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். ஒன்பது வருஷம் ஓடிய வண்டி. மேலே நாலு கீறல், ரெண்டு நசுங்கல். கீழே எட்டிப் பார்த்தால் பெரிதாகத் துரு என்று சொல்ல எதுவும் இல்லை.

குன்றத்தூரில் குடியிருக்கும் ஒரு தம்பியிடம் இதைச் சொன்னேன். ஒரகடம் பக்கம் ஒரு கார் ஃபேக்டரியில் பெயின்ட் ஷாப் வேலை அவருக்கு. “பின்ன, சும்மாவா சார்?” என்று ஆரம்பித்தவர் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவல். பிறகு பெயின்ட் பிடிப்பதற்காக ஒரு ரசாயனக் குளியல். அப்புறம் பிரைமர் தொட்டியில் வண்டிக்கூட்டை முழுசாக முக்கி, மின்சாரம் பாய்ச்சி, சந்துபொந்தெல்லாம் ஒட்ட வைப்பது. பிறகு அடுப்பில் சுடுவது. அதற்கும் மேலே, கல் பட்டாலும் பெயராமல் இருக்க அடிப்பக்கத்துக்கென்று தனியாக ஒரு பி.வி.சி. பூச்சு. யாரும் குனிந்துகூடப் பார்க்காத இடத்துக்கு இத்தனை உபசாரம்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்துக்கு ரெனோ-நிசான் வந்தது. குன்றத்தூரில் காலை ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் பத்துப் பேரைக் கேளுங்கள், நாலு பேருக்காவது உலோகத்தின் மேல் பெயின்ட் ஏன் நிற்கிறது, ஏன் உரிகிறது என்பது தெரிந்திருக்கும்.

இப்போது இன்னொரு அடிவயிற்றுக்கு வருகிறேன்.

அதே தம்பியோடு ஒரு அலுவலக வளாகத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும். ஓரத்தில் ஒரு அலுமினியப் படகு. வெள்ளம் வந்தால் ஜனங்களை மீட்பதற்காக வாங்கியது. பக்கவாட்டில் பளிச்சென்று நீலப் பெயின்ட். அதன் மேல் வழங்கியவர் பெயர், எந்த நிதி, எந்த வருஷம் எல்லாம் கொட்டை எழுத்தில். உள்ளே பழைய மழைத்தண்ணீர், அழுகிய வேப்பிலை, ரெண்டு டீ கப். படகு உட்கார்ந்திருந்தது நேராக சிமென்ட் தரையில்.

தண்ணீரைக் கொட்டிவிட்டு, வாட்ச்மேனையும் சேர்த்துக்கொண்டு மூணு பேருமாகப் புரட்டிப் போட்டோம். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடை யாரோ அடிப்பக்கம் பூசியிருக்கிறார்கள். அது அப்பளம் மாதிரி உப்பி, உரிந்து தொங்கியது. உரிந்த இடத்தில் வெள்ளையாக மாவு. தம்பி ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துச் சுரண்டினார். மாவு போனது. மிளகு சைஸில் ஒரு ஓட்டை தெரிந்தது.

இந்த மிளகு ஓட்டைக்கு என்ன இத்தனை ஆர்ப்பாட்டம் என்கிறீர்களா? 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரியை நினைத்துப் பாருங்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி. அடையாற்றை ஒட்டிய வரதராஜபுரம், முடிச்சூர் பக்கமெல்லாம் ஜனங்கள் மொட்டை மாடியில். மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஊருக்குள் இறங்கினார்களே, அவர்கள் இல்லாவிட்டால் கணக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும். படகெல்லாம் ஏழைபாழைக்குத்தான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது காரப்பாக்கத்தில் ஆமிர் கானையும் விஷ்ணு விஷாலையும் மீட்டதும் படகுதான்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி உண்மை. காற்றுப் பட்டதும் அது தனக்குத்தானே மெல்லிய ஒரு தோலைப் போர்த்திக்கொள்கிறது. அந்தத் தோல் இருக்கும்வரை கவலையில்லை. ஈரச் சேறும் குப்பையும் அதன் மேல் மாசக்கணக்கில் அப்பிக் கிடந்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஈர சிமென்ட் காரத்தன்மை உள்ளது, அதுவும் அரிக்கும். இரும்பு போல்ட் போட்டு முடுக்கினால் அந்த இடத்தைச் சுற்றி அரிக்கும். தப்பான பெயின்ட் இன்னும் மோசம். உரிந்த பெயின்ட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கி, வெளியே தெரியாமல் வேலையைக் காட்டும். அப்படிப் பூசுவதற்குப் பூசாமலே விட்டிருக்கலாம். வருஷத்தில் நாலு நாள் நல்ல தண்ணீரில் இறங்கி, மீதி நாள் கரையில் கிடக்கும் படகுக்கு வெறும் அலுமினியமே போதும் – சுத்தமாக, காய்ந்து, மரக்கட்டை மேல் கவிழ்ந்து இருந்தால்.

பூசத்தான் வேண்டும் என்றால் வரிசை இருக்கிறது. பழைய பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும். இரும்பு பிரஷ்ஷால் அல்ல, அதன் துணுக்குகள் பதிந்து அரிப்பைக் கூட்டும். ஓட்டையை பெயின்ட்டால் மூடாமல் வெல்டிங்கில் அடைக்க வேண்டும். தின்னர் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, அந்தத் தோல் தடிப்பதற்குள், அன்றைக்கே எட்ச் பிரைமர். அதற்கு ஒத்துப்போகிற பெயின்ட் அதன் மேலே. “நல்ல கப்பல் பெயின்ட்டா வாங்கி அடிச்சுட்டா போச்சு” என்பார் ஒருவர். ஐயா, வேண்டாம். கடலில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடிக்கும் பெயின்ட்டில் பெரும்பாலும் தாமிரம் இருக்கும். தாமிரமும் அலுமினியமும் தண்ணீருக்குள் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி. கரைவது அலுமினியம்.

காசிமேட்டில் இதையெல்லாம் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகைக் கரையேற்றி, அடியைச் சுரண்டி, ஓட்டை அடைத்துப் பெயின்ட் அடிப்பார்கள். நஷ்டம் அவர்களுடையது. அதனால் குனிந்து பார்க்கிறார்கள்.

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள்: படகு வாங்கினால் அது மூலதனச் செலவு, படகுக்குப் பெயின்ட் அடித்தால் வருவாயினச் செலவு. முதலாவதுக்கு விழா உண்டு, ரிப்பன் உண்டு, போட்டோ உண்டு. ரெண்டாவதுக்கு ஒரு வவுச்சர். எட்ச் பிரைமர் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்ற யாரையாவது நீங்கள் பார்த்ததுண்டா? தேய்மானத்தை ஏட்டில் எழுதியாயிற்று. மீதித் தேய்மானத்தைப் படகு தரையில் தானே பார்த்துக்கொள்கிறது.

நாமும் யோக்கியர்கள் இல்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தினார்களே, நான் குறை சொல்லவில்லை. காருக்கு இ.எம்.ஐ. கட்டுகிறோம், காப்பாற்றத்தான் வேண்டும். அந்தப் புத்தியில் காலே அரைக்கால் பங்கு, “நம்ம ஏரியா படகு எங்கே, மிதக்குமா?” என்று கேட்பதற்குச் செலவழித்தோமா?

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். கல்லோடு கட்டிக் கடலில் போட்ட நாவுக்கரசர் அந்தக் கல்லையே தெப்பமாக்கிக் கரையேறியதை பெரிய புராணத்தில் எழுதியவர் அவர். அந்த அற்புதத்தை நம் அலுவலகங்கள் நிர்வாக முறையாகவே எடுத்துக்கொண்டுவிட்டன போலிருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வருஷா வருஷம் செப்டம்பரில் ஒவ்வொரு மீட்புப் படகையும் கவிழ்த்துப் பாருங்கள். பார்த்த தேதியை, பார்த்தவர் கையெழுத்தோடு அடிப்பக்கத்திலேயே எழுதுங்கள். பிறகு ஏரியில் இறக்கி, ஆள் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். உள்ளே தண்ணீர் வந்தால் செப்டம்பரிலேயே வந்துவிட்டுப் போகட்டும்.

அந்த அலுவலகத்தில் இதைச் சொன்னேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். படகு ஒன்று, நிலைமை: நன்று. “ரிப்பேர்னு எழுதினா, ஏன் கெட்டுச்சுன்னு ஆடிட்ல கேப்பாங்க சார்.”

“பொருள் நான் தரேன், ஞாயித்துக்கிழமை நாலு பசங்களோட வந்து நானே செஞ்சு தரேன்” என்றார் தம்பி. அரசுச் சொத்தில் வெளியாள் கை வைக்கக் கூடாதாம். அதுவும் நியாயம்தான்.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். வாட்ச்மேன் இன்னொருவரைக் கூப்பிட்டுப் படகை மறுபடி நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். கவிழ்ந்து கிடந்தால் பெயர் தலைகீழாகத் தெரிகிறதாம்.