லைசன்ஸ் அண்ணன் பெயரில், துப்பாக்கி தம்பி காரில்



தீபாவளி, பள்ளி விடுமுறை, குலதெய்வ பூசை. இந்த மூன்று காலங்களில்தான் ஈப்போவில் உள்ள என் தொலைபேசி நள்ளிரவில் அலறும். "ஐயா, தம்பியை லோக்காப்பில் போட்டுட்டாங்க." என்ன குற்றம் என்று கேட்டால், "குற்றமே இல்லீங்க, துப்பாக்கிக்கு லைசன்ஸ் இருக்கு" என்பார்கள். யார் பெயரில்? "அண்ணன் பேர்லங்க." துப்பாக்கி இருந்தது யார் காரில்? அங்கேதான் பேச்சு நின்றுவிடும்.

நம் தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. பால்மரம் போய் செம்பனை வந்தது. எஞ்சிய நிலத்தில் மரவள்ளியும் வாழையும் போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லை. அதனால் ஊருக்கு ஒருவர் இருவர் முறையாக மனுப் போட்டு, வேட்டைத் துப்பாக்கிக்கு லைசன்ஸ் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் தவறே இல்லை. தவறு எங்கே தொடங்குகிறது? பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். அங்கே மாமன் வீட்டுத் தோட்டத்திலும் பன்றி. "அண்ணே, ரெண்டு நாளைக்குக் கொடு" என்று வாங்கி, சாக்கில் சுற்றி, காரின் பின்னால் போட்டுக்கொண்டு தஞ்சோங் மாலிமைக் கடக்கிறான் தம்பி. சாலைத் தடுப்பில் விளக்கு அடிக்கிறார்கள்.

லைசன்ஸ் என்பது துப்பாக்கியோடு ஒட்டிக்கொண்டு வருவதல்ல. அதில் எழுதியுள்ள மனிதருக்கு மட்டுமே அது பொருந்தும். உடன்பிறந்தவனானாலும், பெற்ற மகனானாலும், அடுத்தவன் கையில் போன நிமிடமே அது லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி. ஆயுதச் சட்டம் 1960ன்படி இதற்கு 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு முடிந்தால் நல்லது. 1971ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் (கடும் தண்டனை) சட்டத்தின் 8ஆவது பிரிவில் குற்றம் சாட்டினால் 14 ஆண்டு வரை சிறை, 6க்குக் குறையாத பிரம்படி. இரண்டில் எந்தச் சட்டம் என்பதை முடிவு செய்வது நீங்களோ நானோ அல்ல.

சொந்தப் பெயரில் வைத்திருப்பவரும் மெத்தனமாக இருக்க வேண்டாம். சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். ஆனால் லைசன்ஸ் தருவது மாநிலப் போலீஸ் தலைவர். எதற்காக, எத்தனை தோட்டா என்பதெல்லாம் நிபந்தனையாக இருக்கும். பேராவில் உள்ள உங்கள் பயிரைக் காக்கக் கொடுத்த துப்பாக்கியை நிபோங் திபாலுக்கோ கெடாவுக்கோ கொண்டுபோக வேண்டுமானால், புறப்படும் முன் லைசன்ஸ் வாங்கிய இடத்திலேயே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பன்றியைச் சுட வனவிலங்கு இலாகாவின் அனுமதியும் தனியாக வேண்டும், 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி. துப்பாக்கி லைசன்ஸ் அதற்கு ஈடாகாது.

"இதுக்குப் போய் இவ்வளவு பயமா?" என்று கேட்பவர்களுக்கு நம் மாநிலத்துக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. துரைமார்களுக்குத் துப்பாக்கியும் காவலும், லயத்துக்கு முள்வேலி. அனுமதியின்றித் துப்பாக்கி ஏந்துபவனுக்குத் தூக்கு என்றது சட்டம். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மார்ச்சில் ரவாங் அருகே ஒரு கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். கண்டெடுத்ததைப் போலீசில் ஒப்படைக்கப் போனதாக அவர் தரப்பில் கூறப்பட்டது. மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இரண்டே மாதம்! நாம் சட்டக் கல்லூரியில் படித்த சாம்பசிவம் வழக்கும் அதே காலத்துதான். தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து முதல் விசாரணையிலேயே விடுபட்டவர் அவர். அந்த விடுதலையை மதிக்காமல் மறுவிசாரணையில் துப்பாக்கிக் குற்றத்துக்கு மரண தண்டனை விதிக்க, 1950இல் லண்டன் பிரிவி கவுன்சில்தான் அதை ரத்து செய்தது. இன்றும் காமன்வெல்த் நீதிமன்றங்களில் அந்தத் தமிழன் பெயர் சொல்லித்தான் வாதாடுகிறார்கள். அந்தக் காலச் சட்டம் இன்று இல்லை. அதற்குப்பின் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் 2012இல் ஒழிந்தது. ஆனாலும் துப்பாக்கி விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் இன்றும் கடுமையானதுதான்.

துப்பாக்கி இல்லாத வீட்டாரும் கேளுங்கள். மோட்டார் சைக்கிள் கூடையில் பாராங் கத்தி இருக்கிறதல்லவா? வேலைக்குப் போகும்போது அது தொழில் கருவி. அதே கத்தி ஞாயிறு இரவு 11 மணிக்குக் கடைவீதியில் உங்களோடு இருந்தால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆபத்தான ஆயுதம். 10 ஆண்டு வரை சிறை, பிரம்படி. வேலை முடிந்ததும் கத்தியை வீட்டில் இறக்கி வையுங்கள், அவ்வளவுதான்.

பிடிபட்டால் என்ன செய்வது? என்ன காரணத்துக்காகக் கைது என்று கேட்கலாம். விசாரிக்கும் முன் குடும்பத்தாரையும் வழக்கறிஞரையும் அழைக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு 2007 முதல் தரும் உரிமை இது. 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றமென்றால் தடுப்புக்காவல் முதலில் 4 நாள், பிறகு 3 நாள் வரைதான். 14 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் ஏழும் ஏழும். எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள் என்று முதலில் கேட்கச் சொல்வது இதற்காகத்தான். பணமில்லை என்று வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள். தேசிய சட்ட உதவி அறநிறுவனம் 2012 முதல் கைது, ரிமாண்ட் கட்டத்திலேயே குடிமக்களுக்கு இலவச வழக்கறிஞர் தருகிறது.

கடைசியாக ஒன்று. லைசன்ஸ் வைத்திருந்த அப்பா இறந்துபோய், துப்பாக்கி மட்டும் அலமாரியின் மேல் கிடக்கிற வீடுகள் சில உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு நீங்களாகப் பஸ் ஏறாதீர்கள். முதலில் போலீஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். அவர்களே வந்து எடுத்துப் போகட்டும்.