புகை கீழே போகுமா?

பந்தல் எழும்பிவிட்டது, அழைப்பிதழ் போய்ச் சேர்ந்துவிட்டது, விருந்தினர் புறப்பட ஆயத்தமாகிவிட்டனர். மணநாளுக்கு நான்கு வாரம்கூட இல்லை. அப்போது வந்து, "மண்டபம் தீப்பிடித்தால் புகை வெளியேற வழியில்லை, விழா நின்றது!" என்று வீட்டார் கைவிரித்தால், ஊர் சிரிக்காதா? சிரித்தது! ஊரல்ல, உலகே சிரித்தது. எந்திரக் கலையிலே எவருக்கும் இளைத்ததல்ல என்று பெயரெடுத்த ஜெர்மனியைப் பார்த்துச் சிரித்தது!

பெர்லின் நகரின் புதிய விமான நிலைய வேலை தொடங்கியது 2006-ல். 2012 ஜூன் 3-ல் திறப்பு என்று முரசறைந்தனர். மே 8-ல், இல்லை என்றனர். கதவு திறந்ததோ 2020 அக்டோபர் 31-ல்! ஏறத்தாழ 200 கோடி யூரோ என்று பேசப்பட்ட செலவு, ஏறத்தாழ 600 கோடியாக ஊதிப் பெருத்தது.

பொறியாளர் இல்லையா? இருந்தனர். பணம் இல்லையா? இருந்தது. இல்லாது போனது ஒன்றுதான்: ஆளுகை.

ஆளுகை என்பது அதிகார மிடுக்கல்ல. அன்றாட வேலையை விரட்டுவதுமல்ல. எதை யார் முடிவு செய்வது, தவறு கண்டால் யார் தடுப்பது, கசப்பான செய்தியை யார் யாரிடம் அஞ்சாமல் உரைப்பது என்பவற்றை வேலை தொடங்குமுன்பே வரையறுத்து, வரையறுத்தபடி நடப்பது. அதுவே திட்டத்தின் ஆளுகை.

பெர்லினில் நடந்தது என்ன? உரிமையாளர் மூவர்: பெர்லின் 37 விழுக்காடு, பிராண்டன்பர்க் 37, மத்திய அரசு 26. மேற்பார்வை அவையின் தலைவர், பெர்லின் மேயர் கிளாஸ் வோவரைட். மக்கள் தேர்ந்தெடுத்தவர் மக்கள் பணத்தைக் கண்காணிப்பது தவறல்ல, கடமை! ஆனால் கட்டுமானம் அறிந்தோர் அந்த அவையிலே போதவில்லை என்ற குறை பின்னர் ஓங்கி ஒலித்தது. நாற்காலி இருந்தது, நாடி பார்க்கத் தெரிந்த கை போதவில்லை!

ஒட்டுமொத்தப் பொறுப்பேற்கும் ஒப்பந்தக்காரரை அமர்த்தும் முயற்சி, கேட்ட விலை அதிகம் என்று 2007-ல் கைவிடப்பட்டது. வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. வேலை பலரிடம், பொறுப்பு எவரிடம்? கட்டிக்கொண்டிருக்கும்போதே கட்டிடம் பெரிதாக்கப்பட்டது, திட்டப்படம் மாறிற்று, திறப்பு நாளோ அசையவில்லை!

கூரையிலே புகைபோக்கி வேண்டாமென்று, புகையைத் தரைக்குக் கீழே இழுத்து வெளியேற்றும் ஏற்பாடு. அது ஒழுங்காக இயங்கவில்லை. என்ன செய்தனர்? கதவுகளைக் கையால் திறக்க நூற்றுக்கணக்கான ஆட்களை நிறுத்தலாம் என்றுகூட யோசித்தனர்! புகையின் இயல்பு மேலே எழுவது. உண்மையின் இயல்பும் அதுவே. இரண்டையும் கீழே அழுத்தினால் மூச்சுத் திணறுவது மாளிகைதான்.

பிறகேனும் தெளிவு பிறந்ததா? முதலில், கட்டிடத்தைத் திட்டமிட்ட குழுவையே விலக்கினர். கோபம் தணிந்தது, கட்டிடத்தை அறிந்தவர்களும் போயினர்! 2013 ஜனவரியில் வோவரைட் தலைமையை விட்டிறங்கினார். ஏறியவர் யார்? அதே அவையிலிருந்த பிராண்டன்பர்க் முதலமைச்சர் பிளாட்செக். உடல்நலக் குறைவால் அவர் ஒதுங்க, அதே ஆண்டு மீண்டும் வோவரைட்! ஆள் மாறினால் ஆளுகை மாறிவிடுமா?

2017-ல் நிர்வாகப் பொறுப்பேற்ற லூட்கே டால்ட்ரூப், உடனே ஒரு தேதியைச் சொல்லிக் கைதட்டல் வாங்க முயலவில்லை. நிலைமையை ஆராய்ந்து, அவ்வாண்டின் முடிவில் 2020 என்றார். சொன்ன ஆண்டில் திறந்தார்.

அடிக்கல் நாட்ட எவர் வந்தாலும், மாலை போடுமுன் மக்கள் மூன்று கேள்வி கேட்கட்டும்: முடிவெடுப்பவர் யார்? "நிறுத்து" என்று சொல்லும் உரிமை யாருக்கு? அப்படிச் சொல்பவருக்குப் பாதுகாப்பு உண்டா? பதில் வராவிட்டால், அங்கே நாட்டப்படுவது கல் மட்டுமே; கட்டிடமல்ல!