தகட்டில் இலக்கம், தாயின் நெஞ்சில் பெயர்!

உருத்திரபுரத்துச் சிறுவன் ஒருவன், வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தைக் காட்டி, "அம்மம்மா, பெரியமாமா எந்த இடத்தில் இறந்தார்?" என்று கேட்பானாயின் அந்த மூதாட்டி என்ன விடை பகர்வாள்? 2009 மே மாதத்தில் போர் ஓய்ந்தது. அதன்பின் பிறந்தோர் இன்று வினவும் வயதை எய்திவிட்டனர். விடை கூற வேண்டியவர்களோ ஒருவர்பின் ஒருவராய்க் கண்மூடி வருகின்றனர். இதுவே நம்மை வாட்டும் கவலை.

பக்கத்துக் கனகபுரத்தில் மாவீரர் துயிலும் இல்லம் இருந்தது. இயக்கப் பெயரும் இயற்பெயரும் ஊரும் வீழ்ந்த நாளும் அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டிருந்தன. போரின் பின் படையினர் அதனை இடித்துத் தரைமட்டமாக்கினர். உடைந்தவை வெறுங் கற்களா? அல்ல; ஊரின் பெயரேடுகள்! 2016 கார்த்திகையில் மக்கள் பற்றைகளை வெட்டித் துப்புரவாக்கி விளக்கேற்றினர். ஆயின், எந்தத் துண்டு எவருடைய கல் என்று எவரால் உரைக்க இயலும்?

இறுதி மாதங்களில் வீழ்ந்தோர்க்கோ அக்கல்லும் இல்லை. 2023 ஜூனில், கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்கென மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. தொடர்ந்த அகழ்வில் 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. போராளிகளின் இலக்கத் தகடுகளும் உடன் கிடைத்தன. இலக்கம் பெயராக வேண்டுமாயின் ஏடு வேண்டும். உறவினரின் மரபணு வேண்டும். வீட்டில் ஒரு பெயரும் களத்தில் ஒரு பெயருமாய் வாழ்ந்தவரை இன்னாரென இணைத்துச் சொல்லும் வாய் வேண்டும். அந்த வாய் தாயின் வாயன்றோ!

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அவ்வரசை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற தென்மாநிலப் படைவீரரின் பதிவேடுகளையும் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் இன்றும் பேணி வருகின்றது. கொள்ளுப் பேரனும் அங்கே தன் முன்னோனைத் தேடலாம். தோற்றவன் பெயரைக் காத்ததனால் அந்த அரசு கவிழ்ந்துவிட்டதா?

இலங்கையிலும் 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் நிறுவப்பட்டது. போரிற் காணாமற்போன அரச படையினரைத் தேடுவதும் அதன் கடமையே. மகனைத் தேடும் சிங்களத் தாயின் கண்ணீருக்கும் கிளிநொச்சித் தாயின் கண்ணீருக்கும் நிறம் வேறா? 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்த தாய்மார் கேட்டது சலுகையன்று, விடை. சரணடைந்தோர் பட்டியலை அரசு வெளியிடட்டும். கைப்பற்றிய ஏடுகளைத் திறக்கட்டும்!

அரசு திறக்கும்வரை நாம் வாளாவிருப்பதா? ஊர்தோறும் ஒரு பதிவேடு தொடங்குவோம். இரு பெயர்கள், பிறந்த நாள், சேர்ந்த ஆண்டு, இறுதியாய்க் கண்ட இடம், கண்டவர் யார் என்பனவற்றை எழுதுவோம். விரும்பிச் சென்றவனை அவ்வாறே எழுதுவோம். வலிந்து இழுத்துச் செல்லப்பட்டவளையும் அவ்வாறே எழுதுவோம். உண்மையை மறைக்கும் ஏடு பேரப்பிள்ளைக்குப் பயன்படாது.

வீழ்ந்த வீரனுக்குக் கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை துறை துறையாக வகுத்துரைத்தது தொல்காப்பியம். அத்தகைய மரபில் வந்தோர், கல் நாட்ட இயலாத காலத்திலே கொப்பி ஒன்றிற் பெயரெழுதவும் மாட்டோமா? அம்மம்மா இருக்கும்போதே அவளருகில் அமர்ந்து கேளுங்கள்; இன்றே எழுதுங்கள்!